ஒன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள்

டிசம்பர் 31 இரவுத் திருப்பலி முடிந்து, மணி அடித்து, கேக் வெட்டுவதுதான் வேதக்காரர்களின் புத்தாண்டு என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருக்களில் ஆண்டு பிறப்பது சூனில். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில்தான் புதுவயல் அரிசி ஆலையில் அப்பா முன்பணம் கேட்பார். அம்மா சங்கத்துக் கடனில் கைவைப்பார். அண்ணனின் பைக்குப் புது ஜிப் வைத்துத் தங்கைக்குக் கொடுப்பார்கள். கூடவே, சாதி என்ன, மதம் என்ன என்ற கேள்வியை அரசாங்கம் எங்கள் வீட்டுக் குழந்தையிடம் முதன்முதலாகக் கேட்பதும் அந்த வாரத்தில்தான்.

நாங்கள் காரைக்குடியைச் சுற்றியுள்ள சில காலனிகளில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறவர்கள். எங்களில் பாதிப்பேர் கத்தோலிக்கச் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். அவர்கள் கையைப் பிடித்து எழுதச் சொல்லித்தந்த எழுத்தில்தான் இதையும் எழுதுகிறோம். ஆகவே இதை வெளியாளின் புகாராக யாரும் படிக்க வேண்டாம். நாங்கள் பார்த்த பள்ளியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு பள்ளியின் கோளாறு என்று சொல்லி மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

கடந்த ஆண்டு சூன் 2 அன்று பள்ளி திறந்தது. ஆண்டுதோறும் அந்த வாரத்தில் இரண்டு மூன்று பேர் பெற்றோரோடு பள்ளிக்குப் போவது எங்கள் வழக்கம். படிவம் நிரப்ப, நகல் எடுக்க, இ-சேவை மையத்துக்கு ஓட ஆள் வேண்டும். தவிர, கூட ஒருவர் இருந்தால் எங்கள் தாய்மார் மேசைக்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள்.

பள்ளி அன்று அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கெபியில் மாதா சுரூபத்துக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். வாசலில் கோலம். அழுத பிள்ளைகளுக்கு மிட்டாய். தமிழ்த்தாய் வாழ்த்து, பிறகு இறைவேண்டல், பிறகு புதிய ஆண்டை ஆண்டவர் கையில் ஒப்படைக்கிறோம் என்று பங்குச்சாமியின் சிறிய உரை. நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். அந்த வாக்கியத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம்.

சேர்க்கை மேசையில் ஒரு தாய் நின்றார். செட்டியார் வீடொன்று விடுதியாக மாறியிருக்கிறதே, அப்படி ஒன்றில் தரை துடைக்கும் வேலை. ஆத்தங்குடிக் கல்லைத் துணியால் தேய்த்தே அவர் கைரேகை தேய்ந்துவிட்டது, ஆதார் எந்திரம் அவர் விரலை ஏற்க மறுக்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கையில் இரண்டு சான்றுகள். ஒன்று, பங்கு அலுவலகம் தந்த திருமுழுக்குச் சான்று. மற்றொன்று, தகப்பனின் சான்றை வைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய சாதிச் சான்று. அதில் இந்து, பறையர், ஆதிதிராவிடர் என்று இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த சிஸ்டர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். “ஏம்மா, இதுல ஞானஸ்நானம் வாங்கினவன்னு இருக்கு. அதுல இந்துன்னு இருக்கு. எது நெசம்?”

“ரெண்டும் நெசந்தான் சிஸ்டர்.”

பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, “தம்பி, பெரியவனுக்குக் கிறிஸ்டியன்னு போட்டோம், பி.சி.ன்னு வந்துருச்சு. இவளுக்கு என்னா போடட்டும்?” என்றார்.

மாணவத் தோழர்களே, இந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள 1950க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வெளியான அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத மதத்தைச் சேர்ந்தவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில், ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். மாநில அரசின் கல்வி உதவித்தொகை மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் கிடைக்கிறது, அது உண்மை. ஆனால் 18 விழுக்காட்டு ஒதுக்கீடு இல்லை, தனித்தொகுதியில் நிற்க முடியாது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

கடைசியாகச் சொன்னதன் பொருள் அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு முன் பெரியவனை, ஊருக்குள் வண்டியில் வேகமாகப் போனான் என்று நிறுத்தி, சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள். புகார் கொடுக்க நாங்களும் போனோம். காவல் நிலையத்தில் சாதிச் சான்றைக் கேட்டார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, “பி.சி.தானேப்பா நீ, இந்தச் செக்ஷன் உனக்கு வராது” என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடித்தவனுக்கு இவன் என்ன சாதி என்பதில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. காகிதத்துக்குத்தான் சந்தேகம்.

உச்ச நீதிமன்றமும் இந்தக் காகிதத்தோடு பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறது. 1985இல் வந்த சூசை வழக்கு நம் ஊர்க் கதைதான். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் அவர். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது, அவருக்குக் கொடுக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004இல் தொடுக்கப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அறிக்கை தந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டு, இரண்டு ஆண்டு கெடு கொடுத்து, பிறகு அந்தக் கெடுவையும் நீட்டித்தது. ஆணையங்களுக்குக் கெடு நீள்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்கு சூன் மாதம் நீளாது.

இதற்கு நடுவில் 2024 நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளன்று, புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமுழுக்குப் பெற்று, கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒருவர் வேலைக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. அந்தச் செய்தி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதிலிருந்து இந்தப் படிவத்தைக் கண்டாலே பயம். தீர்ப்பின் சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்கள் பேசட்டும். எங்களுக்கு உறுத்துகிற சொல் மோசடி. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டன், பண்ணையில் அடிவாங்கி, ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கஞ்சியும் மரியாதையும் தருகிறார் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டான். தன் கொள்ளுப்பேத்தி ஆறாவது வயதில் ஏதாவது ஒன்றை மறைத்தால்தான் மற்றது கிடைக்கும் என்ற நிலைக்கு வருவாள் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

பண்ணை என்று சொன்னோம். இந்த மண்ணைப் பற்றி ஒரு செய்தியை இளையவர்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அதற்கு முன் நாம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது. கீழ்ப்படியாத குடிசைகள் எரிந்தன. 1931 சூனில் தடைகள் பதினொன்றாக நீண்டன. அந்தப் புதிய பட்டியலில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. அடுத்தது, அந்தப் பிள்ளைகள் மிராசுதாரரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், சாதியைப் பற்றித் தான் எழுதிய நூலில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

மாதத்தைக் கவனியுங்கள். அதுவும் சூன்தான்.

அப்படிப்பட்ட பூமியில் ஓலைக் கொட்டகை போட்டு, பறையர் பள்ளர் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து அரிச்சுவடி சொல்லித் தந்த கத்தோலிக்கப் பள்ளி என்பது சாதாரணக் காரியம் இல்லை. எங்கள் பாட்டிமார் சிலர் பெயரெழுதக் கற்றது அங்கேதான். இந்தக் கடனை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கொட்டகைக்குள்ளும் சாதி நுழைந்தது. நுழைந்தது என்பதைவிட, அழைத்து உட்கார வைக்கப்பட்டது என்பது சரி. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசி வேடத்தில் வாழ்ந்தார். உயர்சாதியாருக்கு ஒருவகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று மதுரை மிசன் பிரித்து வைத்தது. 1693இல் ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்த அருளானந்தரும் பண்டாரசாமிதான். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு கால் வைத்த காற்சட்டை மாதிரி கட்டி, சாதிக்கொரு பக்கம் உட்கார வைத்தார்கள். நடுச்சுவரை 1910இல் இடித்தபோது நீதிமன்றம்வரை வழக்குப் போனது. உயர்சாதியார் கேட்ட தனியிடத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் ஏற்கவில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது, கன்னியர் மடத்துக்குள்ளும் மடத்துப் பள்ளிக்குள்ளும் சாதி எப்படி நடமாடுகிறது என்பதை உள்ளே இருந்து வந்த ஒரு பெண்ணே எழுதிவிட்டார் என்று பலருக்குக் கோபம். எங்களுக்கு அது ஊர்க்கதை மாதிரி இருந்தது.

இன்று சுவர் இல்லை. சீருடை இருக்கிறது. ஒரே வளாகம், ஒரே மாதா கெபி, ஒரே பெரிய கேட். உள்ளே இரண்டு பள்ளிகள். ஒன்று, அரசு உதவி பெறும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி. அரசு தருகிற சீருடை, அரசு தருகிற புத்தகம், அரசு தருகிற மதிய உணவு, கட்டணம் இல்லை. இன்னொன்று, கட்டணம் கட்டிப் படிக்கிற ஆங்கிலவழிப் பள்ளி. டை, ஷூ, பள்ளி வேன். காலனிப் பிள்ளைகள் எதில் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பள்ளிக்கும் காலை வணக்கக் கூட்டம் தனித்தனி நேரத்தில். ஆண்டு விழாவில் ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு மேடை நாடகம், தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பறையாட்டம். பறையாட்டம் எங்களுக்குப் பெருமைதான். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினால் பெருமை. இவர்கள் மட்டும் ஆட, அவர்களின் பெற்றோர் உட்கார்ந்து கைதட்டினால் அதற்கு வேறு பெயர்.

இதைப் பேசினால், மேல்நிலை வகுப்பில் நன்றாகப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஆங்கிலவழிக் கட்டணத்தில்தான் தமிழ்வழிக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்பார்கள். இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. உதவிபெறும் பள்ளிக்கு அரசு ஆசிரியர் சம்பளம் தருகிறது, கட்டடத்தை நிர்வாகம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு அடிக்கட்டும். காலை வணக்கத்தைச் சேர்த்து நடத்தச் சுண்ணாம்புச் செலவு கிடையாதே.

சிறுபான்மை உரிமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரசமைப்பின் 30ஆவது கூறின்படிதான் இந்தப் பள்ளிகள் நடக்கின்றன. அந்த உரிமை வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. இன்றைய தில்லி அரசியலில் அது போனால் முதலில் அடிபடுவது எங்கள் பிள்ளைகளின் தமிழ்வழிப் பள்ளிதான். ஆனால் அந்த உரிமை எதன்மேல் நிற்கிறது? தலைக்கணக்கின்மேல். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையே, 1 கோடியே 90 இலட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித்துகள் என்கிறது. எங்கள் தலைகளை எண்ணித்தான் சிறுபான்மை உரிமை. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காட்டு இடம் தரவேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டம், 2014இல் பிரமதி வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுவதில்லை. ஆக, எங்கள் தலைக்கணக்கால் கிடைத்த உரிமையே, கட்டணப் பள்ளியின் கேட்டுக்கு வெளியே எங்களை நிறுத்தவும் பயன்படுகிறது. இதை எழுதும்போது எங்களுக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. தமிழக ஆயர்கள் 1990இல் தலித் கிறித்தவருக்கென்று பத்து அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் உரோமைக்கு வந்த தமிழக ஆயர்களிடம், சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணியையே கெடுக்கிறது என்று நேராகவே சொன்னார். தாளில் எல்லாம் நன்றாக இருக்கிறது. பங்குப் பள்ளியில் காலியாகும் ஓர் ஆசிரியர் பணியிடத்துக்கு, அரசு கருவூலத்திலிருந்து சம்பளம் போகும் இடத்துக்கு, நிர்வாகம் யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் அந்தத் தாளின் மதிப்பு தெரியும்.

நல்லதையும் எழுதுகிறோம். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு எங்கள் தெருவில் காலை மாறியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2024 சூலை 15, காமராசர் பிறந்தநாளில் ஊர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தது. முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் பள்ளியில். 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புறத்துக்கு வந்தபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள் என்பது தற்செயலாக இருக்கலாம். எங்களுக்குப் பிடித்த தற்செயல். காலையில் ஐந்தரைக்கே வேலைக்குப் போகிற தாய்மார், வரக்காப்பியோடு பிள்ளையை அனுப்புகிற குற்ற உணர்விலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, வெண்பொங்கல் என்று வாரப் பட்டியலைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், பெருக்கல் வாய்ப்பாட்டை அப்படிச் சொல்வதில்லை.

உணவு வந்த இடத்துக்குச் சாதியும் வந்தது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில், சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் வைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சகமாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும், சாதியைச் சுட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அரசு ஆணை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையே இல்லாத காரியங்கள் இவை. ஒரு தலைமையாசிரியை ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தால் அன்று மதியமே நடந்துவிடும்.

நாங்கள் போன பள்ளியில் அகரவரிசையைக் கேட்டோம். உடனே ஒத்துக்கொண்டார்கள். காலை வணக்கத்தைச் சேர்த்து நடத்தக் கேட்டோம். யோசிக்கிறோம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். உதவித்தொகை வந்தால் வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பெயர் படிக்க வேண்டாம், பெற்றோரிடம் தனியாகச் சொன்னால் போதும் என்றோம். “நாங்க அப்படி நினைச்சே படிக்கலையே” என்றார் ஓர் ஆசிரியை. உண்மையாகவே அவர் நினைத்திருக்க மாட்டார். நினைக்காமல் செய்வதுதான் இதில் அதிகம்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நாங்கள் எதைப் போடச் சொன்னோம் என்று கேட்பீர்கள். எதையும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக் கூடாது என்பது படிப்பகத்தில் நாங்கள் பேசி எடுத்த முடிவு. இந்து என்று இருந்தால் என்ன கிடைக்கும், பின்னால் என்ன கேள்வி வரலாம், கிறித்தவம் என்று போட்டால் எது போகும், எது இருக்கும், மதம் சாதி இரண்டையும் குறிப்பிட விரும்பாத பெற்றோருக்கு 1973ஆம் ஆண்டு அரசாணையே இடம் தருகிறது, அதைச் செய்தால் ஒதுக்கீடு எதுவும் இருக்காது, இவ்வளவையும் மரத்தடியில் உட்கார்ந்து சொன்னோம். மூன்றாவதைக் கேட்டதும் அவர், “அது வசதி உள்ளவுக செய்யிறது” என்றார். சாதி மறுப்பாளர்கள் இந்த ஒரு வரியைக் கொஞ்சநேரம் யோசிக்கலாம்.

பிறகு அவர் கேட்டதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. “இந்துன்னு போட்டா இவ புதுநன்மை வாங்கையில சாமி ஏதும் சொல்லுவாகளா?” சட்டத்துக்குப் பதில் எங்களிடம் இருந்தது. இதற்கு இல்லை. அவருக்கு மாதா உண்மை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர். சலுகைக்காக வேதத்துக்கு வந்தவர்கள் என்று ஒரு பக்கமும், சலுகைக்காக வேதத்தை மறைக்கிறவர்கள் என்று இன்னொரு பக்கமும் திட்டுகிறார்களே, இரண்டு தரப்பும் அந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

சாதிச் சான்று இல்லாமலே சேர்க்கை போடலாம். சிஸ்டர் அதைத்தான் செய்தார். பிறப்புச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டு கட்டங்களையும் பென்சிலால் லேசாகச் சுழித்துவிட்டு, “பொறவு பாத்துக்கலாம், புள்ளய வகுப்புல விடுங்க” என்றார். கூட்டம் கலைந்ததும் எங்களிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுலயும் இதே கதைதான். என் தம்பி ஒண்ணு, நான் ஒண்ணு” என்றார். அரைமணி முன்னால் ‘எது நெசம்’ என்று கேட்டவரும் அவர்தான். மடத்துக்குள் இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல அவருக்கு இன்னும் எத்தனை சூன் ஆகுமோ தெரியவில்லை.

கணினியில் பென்சில் செல்லாது. மாணவர் விவரத்தைக் கல்வித் துறையின் தளத்தில் ஏற்றும்போது சாதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று சில வாரங்களில் பள்ளியிலிருந்து ஆள் விட்டார்கள். அந்த வீட்டில் இரண்டு இரவு பேசி ஒரு முடிவெடுத்தார்கள். என்ன எழுதினார்கள் என்று இங்கே எழுத மாட்டோம். அது அவர்கள் வீட்டு முடிவு, அந்தக் குழந்தைக்கு நாளை அதனால் ஒரு வம்பும் வரக் கூடாது. அவள் இப்போது ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டாள். அகரவரிசையில் மூன்றாவது பெஞ்சில் இடம் கிடைத்தது, சன்னலோரம். தன் பெயரை எழுதும்போது கடைசி எழுத்தின் புள்ளியைப் பெரிதாக வைப்பாள், உருண்டையாக, அப்பளம் மாதிரி.

சூனில் மறுபடி போகிறோம். இந்த முறை பதினோரு பிள்ளைகள், இரண்டு பள்ளிகள். கூட வர விரும்பும் மாணவர்கள் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு மாலை படிப்பகத்துக்கு வாருங்கள். 1950 ஆணையின் மூன்றாம் பத்தியைத் தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டு, படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று பேசுவோம். தாய்மாருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லிப் பழக வேண்டும், சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லி மிரட்டுகிற பழக்கம் வேண்டாம். நீலமும் கறுப்புமாக இரண்டு பேனா, ஒரு பசைக் குச்சி, பிறப்புச் சான்று நகலெடுக்கச் சில்லறை. காலை எட்டு மணிக்குப் பள்ளி கேட்டில் நின்றால் போதும். பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்லுங்கள். எந்தத் தெரு என்று கேட்டால் தெருவையும் சொல்லுங்கள்.